பிறப்பு வரிசையும் பிறவி இயல்பும்: ஒரு திறனாய்வு

ஒருதாய் வயிற்றுப் பிறந்தோர் யாவரும் ஒரு தன்மையராதல் இல்லை. ஒரே கூரையின்கீழ் ஒரே உலைச்சோற்றை உண்டு வளர்ந்த மக்களுள் ஒருவன் அடங்கி நடப்பவனாகவும் மற்றொருவன் முரணி நிற்பவனாகவும் அமைதற்குக் காரணம் யாது என்னும் வினா மிகப் பழையது. இவ்வினாவிற்குப் பிறப்பு வரிசையையே விடையாகக் கூறும் கொள்கை ஒன்று மேலைநாட்டு உளவியல் வழியாக வந்து, இன்று தமிழாய்வினுள்ளும் இடம் பெற்றுவிட்டது. தலைப்பிள்ளை மரபைக் காப்பான், இடைப்பிள்ளை இணங்கிப் போவான், கடைப்பிள்ளை மரபை உடைப்பான் என்பது அக்கொள்கையின் சுருக்கம். புலவர் வரலாறு எழுதுவார்க்கு இஃது எளிய திறவுகோலாய்த் தோன்றுதலில் வியப்பில்லை.

வடசென்னையில் எம்.கே.பி. நகரினின்றும் அதனைச் சூழ்ந்த வியாசர்பாடி, இராயபுரம், திருவொற்றியூர்ப் பகுதிகளினின்றும் வந்து பயிலும் எம் முதுகலை மாணாக்கர் கருத்தரங்கக் கட்டுரைகளில் இத்திறவுகோலை அடிக்கடி கையாள்கின்றனர். அவர்கள் விரும்பி எடுத்துக்கொள்ளும் புலவர் இருவர். ஒருவர், இளமையில் திருவொற்றியூர் இறைவனை நாள்தோறும் நடந்து சென்று பாடிய வள்ளலார். மற்றவர், எம்.கே.பி. என்னும் மூன்றெழுத்தினுள் ஒளிந்து நிற்கும் மகாகவி பாரதியார். வள்ளலார் கடைப்பிள்ளை, ஆகலின் மரபை உடைத்தார் என்று ஒரு கட்டுரை கூறும். பாரதியார் தாயை இழந்த தலைப்பிள்ளை, ஆகலின் மரபை உடைத்தார் என்று அடுத்த கட்டுரை கூறும். தலைப்பிள்ளையும் உடைப்பான், கடைப்பிள்ளையும் உடைப்பான் எனின், வரிசை எதனை விளக்கிற்று என்று வினவுதல் திறனாய்வாளன் கடன். அவ்வினாவைப் பற்றியதே இக்கட்டுரை.

முதற்கண் இக்கொள்கையின் வரலாற்றைச் சுருக்கமாகக் காண்பாம். ஆங்கில அறிவியலாரின் குடும்ப வரலாறுகளைத் தொகுத்து 1874இல் நூல் வெளியிட்ட கால்ட்டன், அவருள் தலைமகனாரும் ஒரே மகனாரும் எதிர்பார்க்கத்தக்க அளவினும் மிகுதி என்றார். பின்னர் வியன்னாவின் மருத்துவர் ஆட்லர், தம்பி பிறந்தவுடன் தலைப்பிள்ளை அரியணை இழந்த அரசன் நிலையை அடைகின்றது என்றும், அவ்விழப்பே அதன் பிற்காலப் பண்பை உருவாக்குகின்றது என்றும் கருதினார். (ஆட்லர் தம் பெற்றோரின் இரண்டாம் மகவு என்பதை இக்கொள்கையை மறுப்போர் நினைவூட்டத் தவறுவதில்லை.) 1996இல் அமெரிக்கரான சல்லோவே, புரட்சிக்கென்றே பிறந்தோர் பின்பிறந்தோர் என்னும் கருத்துப்பட ஒரு பெருநூல் எழுதினார். ஆயிரக்கணக்கான வரலாற்று மாந்தரை வகுத்துக் காட்டிய அந்நூல் பெரும்புகழ் பெற்றது. நம் மாணாக்கர் கையாளும் திறவுகோல் அங்கு வடித்ததே.

ஆயின் அதன்பின் நிகழ்ந்தவற்றை நம்மவர் போதிய அளவு கவனிக்கவில்லை. 2015இல் இரண்டு பேராய்வுகள் வெளிவந்தன. ஒன்று அமெரிக்க உயர்நிலைப்பள்ளி மாணவர் ஏறத்தாழ 3,77,000 பேரைப் பற்றியது. மற்றொன்று பிரித்தானியம், அமெரிக்கா, செருமனி ஆகிய மூன்று நாடுகளில் 20,000க்கும் மேற்பட்டோரைப் பற்றியது. முன்னையது பிறப்பு வரிசைக்கும் பண்பிற்கும் உள்ள தொடர்பு புறக்கணிக்கத்தக்க அளவு சிறிது என்றது. பின்னையது, புறநோக்கு, மனவமைதி, இணக்கம், பொறுப்புணர்ச்சி ஆகியவற்றில் வரிசைக்கும் பண்பிற்கும் தொடர்பே காணவில்லை. அறிவுத்தேர்வு மதிப்பெண்ணில் மட்டும் முன்பிறந்தார்க்கு மிகச் சிறிய ஏற்றம் உண்டு என்பதை இரண்டும் கண்டன. பல்லாயிரவரைக் கூட்டிப் பார்த்தாலன்றிக் கண்ணுக்குப் புலப்படாத அவ்வேற்றத்தைக் கொண்டு தனி ஒரு புலவரின் உள்ளத்தை அளத்தல், கடலின் சராசரி ஆழத்தைக் கொண்டு கிணற்றில் இறங்குதல் போல்வதாம்.

பழைய ஆய்வுகள் பிழைபட்டமைக்கு ஒரு காரணம் இலக்கிய மாணவர் அறிந்திருத்தற்குரியது. ஐந்தாம் பிள்ளை என்பவன் ஐந்து பிள்ளை உள்ள வீட்டில்தான் இருத்தல் கூடும். தலைப்பிள்ளையோ எல்லா வீட்டிலும் உண்டு. ஆகவே பல வீட்டுத் தலைப்பிள்ளைகளை ஒருபுறமும் பல வீட்டு ஐந்தாம் பிள்ளைகளை மறுபுறமும் நிறுத்தி ஒப்பிடுவோன், தான் வரிசையை ஒப்பிடுவதாக எண்ணிக்கொண்டு, உண்மையில் சிறிய குடும்பத்தையும் பெரிய குடும்பத்தையும் ஒப்பிடுகின்றான். குடும்பத்தின் அளவோ அதன் செல்வம், கல்வி, சமயம், வாழிடம் ஆகியவற்றோடு பின்னிக் கிடப்பது. 2024 இறுதியில் வெளிவந்த, ஏழு இலட்சத்திற்கும் மேற்பட்டோரைப் பற்றிய ஆய்வு இதற்குச் சான்று. பெரிய குடும்பத்தில் வளர்ந்தோர் நேர்மை, பணிவு, இணக்கம் ஆகிய பண்புகளில் ஒற்றைப் பிள்ளையாய் வளர்ந்தோரினும் சிறிது மேம்பட்டுக் காணப்படுகின்றனர். பிறப்பு வரிசையின் விளைவெனத் தோன்றியதன் பெரும்பகுதி குடும்ப அளவின் விளைவே என்பது அதனாற் போதரும். அவ்வாய்விற் கலந்துகொண்டோர் பெரும்பாலும் ஆங்கிலம் பேசும் நாட்டினர். அவர்க்குரியதை நமக்கும் உரியதென்று உடனே கொள்ளுதல் கூடாது எனினும், ஆய்வுநெறி பற்றிய எச்சரிக்கை எந்நாட்டார்க்கும் பொதுவானதே.

இனித் தமிழுக்கு வருவாம். இப்பொருளைப் பற்றித் தமிழ் மொழியே ஒரு கருத்துடையது என்பது யாம் கூற விழைவது. ஆங்கிலத்தில் உடன்பிறந்த ஆணைக் குறிக்கும் சொல் அவன் மூத்தவனா இளையவனா என்பதைத் தெரிவிப்பதில்லை. தமிழில் அண்ணன் என்றோ தம்பி என்றோ, அக்கை என்றோ தங்கை என்றோதான் கூறல் வேண்டும். வரிசையைச் சுட்டாது பேச விரும்புவோன் உடன்பிறந்தான் எனத் தொடர்ச்சொல்லை நாட வேண்டியவனாகின்றான். இங்ஙனம் வரிசையை வாய்திறக்கும்போதெல்லாம் கூறும் மொழி, வரிசையால் இயல்பு அமையும் என்று நம்பிற்றா எனின், இல்லை என்பதே விடை. பழந்தமிழ் வடிவங்களை நோக்குக. எம்முன், நும்முன், தம்முன் எனவும், எம்பி, நும்பி, தம்பி எனவும், எங்கை, நுங்கை, தங்கை எனவும் அவை மூவிடத்தோடும் சேர்ந்தே வழங்கின. என் பின்னவன், உன் பின்னவன், அவன் பின்னவன் என்றல்லது, வாளாது 'பின்னவன்' என ஒரு வகையினன் பழைய வழக்கில் இல்லை. ஒருவனுக்குத் தம்பியாவான் மற்றொருவனுக்கு அண்ணனாவான். அண்ணன், தம்பி என்பன ஒருவனது தன்மையைக் குறித்த பெயர்கள் அல்ல. ஒருவன் மற்றொருவனுக்கு நிற்கும் முறையைக் குறித்த பெயர்கள். மேலையார் கொள்கை, முறைப்பெயரைப் பண்புப்பெயராக மாற்றிக்கொண்டமையால் விளைந்தது என்று சொல்லினும் இழுக்காது.

இவ்வேறுபாட்டை முற்றும் உணர்ந்த புலவர் கம்பர். கும்பகருணன் வதைப் படலத்தை எடுத்துக்கொள்க. போர்க்களத்தின்கண் வீடணன் தன் தமையனிடம் வந்து இராமன்பால் சேருமாறு வேண்டுகின்றான். அங்குக் கும்பகருணன் இராவணனுக்குத் தம்பி, வீடணனுக்கு அண்ணன். தம்பி என்னும் முறையில் நின்று, தன்னை நெடிது வளர்த்துப் போர்க்கோலம் செய்து விடுத்தவனுக்கு உயிர் கொடுத்தல் கடன் என்கின்றான். அண்ணன் என்னும் முறையில் நின்று, இறந்துபடப் போகும் எங்களுக்கு நீர்க்கடன் செய்தற்கேனும் நீ உயிரோடு இருத்தல் வேண்டும், போ என்கின்றான். தன்னைப் பொறுத்தவரை தவறென மறுத்த செயலையே தம்பிக்குத் தக்கதென உடன்படுகின்றான். முடிவில் இராமனிடத்தே அவன் வேண்டுவனவற்றுள் ஒன்று, இராவணன் கையினின்றும் வீடணனைக் காத்தல் வேண்டும் என்பது. ஒரே நெஞ்சில் இரண்டு முறைகளும் ஒரே நாழிகையில் வேலை செய்வதை இவ்வளவு நுட்பமாகக் காட்டிய இடம் தமிழில் வேறு இருத்தல் அரிது. இதனை 'இடைப்பிள்ளையின் இணக்கப் பண்பு' என்று ஒரு சொல்லில் அடக்கினால், படலத்தின் துயரம் முழுவதும் போய்விடும். இணங்கிப் போகின்றவனுக்குத் துயரம் இல்லை. இரண்டு கடன்களும் ஒருங்கே மெய்யாதலின் அவனுக்குத் துயரம்.

சுமித்திரையின் மக்கள் இருவரும் இரட்டையர். ஒரே வயிறு, ஒரே பிறப்பு. எனினும் ஒருவன் இராமன் பின்னும் மற்றவன் பரதன் பின்னும் செல்கின்றனர். குகனையும் சுக்கிரீவனையும் வீடணனையும் தம்பியராக ஏற்று உடன்பிறந்தார் தொகையை நான்கினின்றும் ஏழாகப் பெருக்கிய இராமன் செயலோ, வரிசை என்பது பிறப்பினால் மட்டும் வருவதன்று, ஏற்றுக்கொள்ளுதலாலும் வரும் என்பதைக் காட்டும்.

வில்லிபுத்தூரார் பாரதத்தில் இவ்வுண்மை இன்னும் கூர்மையுறுகின்றது. குந்தியின் தலைமகன் கன்னன். அவ்வுண்மை மறைக்கப்பட்டுத் தேர்ப்பாகன் வீட்டில் வளர்ந்தான். தருமனோ பிறப்பால் இரண்டாமவன், வளர்ப்பால் மூத்தவன். மூத்தோர்க்குரிய பொறுப்பும் பொறுமையும் தருமனிடத்தே முதிர்ந்தன. கன்னனிடத்தே முதிர்ந்தவை, தன்னை மதித்துத் தோழமை தந்த துரியோதனனுக்குச் செலுத்தும் நன்றிக்கடனும் இரந்தார்க்கு மறாத கொடையும். குந்தி வந்து உண்மை கூறி அழைத்தபோது, பிறப்பின் வரிசையை ஏற்று அரியணை ஏறுதற்கு அவன் இசையவில்லை. வளர்ப்பும் நட்பும் தந்த இடத்திலேயே நின்றான்.

ஈண்டு ஓர் ஒப்புமை நோக்கற்பாலது. 2007இல் நார்வே நாட்டு அறிஞர் இருவர், படைக்குச் சேர்க்கப்பெற்ற இளைஞர் இரண்டு இலட்சத்து நாற்பதாயிரம் பேரளவில் ஆராய்ந்து ஒரு முடிவு கண்டனர். அறிவுத்தேர்வில் மூத்தோர்க்குச் சிறிது ஏற்றம் இருந்தது. ஆயின் தமையன் குழந்தைப் பருவத்திலேயே இறந்துபோக, வீட்டில் மூத்தவனாய் வளர்ந்த இரண்டாம் மகனும் தலைமகனை ஒத்த மதிப்பெண்ணே பெற்றான். ஆகவே காரணம் கருப்பையில் இல்லை, வீட்டில் நின்ற நிலையில் உண்டு என்றனர். தருமனைப் படைத்தோர்க்கு இம்முடிவு புதிதாய்த் தோன்றியிராது. ஆதியும் பகவனும் பெற்ற மக்கள் எழுவரும் வெவ்வேறு குலத்தார் மனைகளில் வளர்ந்தனர் என்னும் கதையைக் கபிலர் அகவல் சாதிமறுப்பிற்குச் சான்றாக ஆள்வதும் இதே அடிப்படையில்தான். அக்கதையில் யார் மூத்தார், யார் இளையார் என்பதைப் பற்றி எவரும் கவலைகொள்வதில்லை. எவர் மனையில் வளர்ந்தார் என்பதே வினா.

சங்க நூல்களில் இக்கருத்து வெளிப்படையாகவே உள்ளது. புறநானூற்றின் 183ஆம் பாட்டு ஆரியப்படை கடந்த நெடுஞ்செழியன் பாடியது. கல்வியின் சிறப்பைக் கூறவந்த அவ்வரசன், பெற்ற தாயின் மனமும் கற்ற மகன்பால் சாயும் என்றும், ஒரு குடியிற் பிறந்தார் பலருள் அறிவுடையோன் காட்டும் வழியிலேயே அரசும் செல்லும், மூத்தவன் எவனென்று அது தேடாது என்றும் கூறுகின்றான். மூத்தோன் அரியணை ஏறும் முறையால் அரசெய்தும் குலத்தில் வந்த ஒருவன் வாயினின்றே இது வருவது எண்ணத்தக்கது. திருக்குறளின் மக்கட்பேற்று அதிகாரம் பத்துப் பாட்டிலும் மூத்தவன் என்றோ இளையவன் என்றோ ஒரு சொல் இல்லை. தந்தை மகனுக்கும் மகன் தந்தைக்கும் செய்யும் கடன்களே உள்ளன.

ஒற்றை மகன் பற்றிய செய்தியும் இவ்வாறே. ஒக்கூர் மாசாத்தியாரின் புறப்பாட்டில் ஒரு தாய் தன் ஒரே மகனைப் போர்க்கு விடுக்கின்றாள். பெரிய புராணத்துள் மனுநீதிச் சோழன் தேர்க்காலில் இட்டதும், சிறுத்தொண்டர் அடியார்க்குக் கறியாக்கியதும் குடிக்கு ஒரே மகனையே. ஒற்றைப்பிள்ளை செல்லத்தால் கெட்டுப்போவான் என்னும் மேலையார் பழங்கூற்று இவற்றுள் எங்கும் இல்லை. (1986இல் 115 ஆய்வுகளை ஒருங்குவைத்து நோக்கியோர், பெரும்பாலான பண்புகளில் ஒற்றைப்பிள்ளைகள் பிறரின் வேறுபடவில்லை என்றே கண்டனர்.) ஒன்று என்னும் எண் அப்பிள்ளையின் இயல்பைச் சொல்ல வரவில்லை. கொடுப்பவர் இழப்பைச் சொல்ல வந்தது.

இளங்கோவடிகள் கதையில் எச்சரிக்கை மிகுதியும் வேண்டும். இளையவனுக்கே அரசுரிமை உண்டு என்று நிமித்திகன் கூற, தமையன் செங்குட்டுவன் மனம் வருந்தாதபடி இளையோன் துறவு பூண்டான் என்பது சிலப்பதிகார வரந்தரு காதையால் அறியப்படுவது. இதனைக் கொண்டு இளையோர்க்குரிய விட்டுக்கொடுக்கும் பண்பினை விரித்தெழுதிய கட்டுரைகளை யாம் படித்துள்ளோம். ஆயின் பதிற்றுப்பத்தின் பதிகங்களை உடன்வைத்து நோக்கினால், நெடுஞ்சேரலாதனுக்கு மக்களாகக் களங்காய்க்கண்ணி நார்முடிச் சேரல், கடல் பிறக்கோட்டிய செங்குட்டுவன், ஆடுகோட்பாட்டுச் சேரலாதன் என மூவரைக் காண்கின்றோம். தாயர் இருவர். இளங்கோ என்னும் மகன் அங்கு இல்லை. இளங்கோ வரலாற்று மாந்தரா என்னும் வழக்கு நீண்டது. அதனுள் இங்குப் புகவேண்டுவதில்லை. நம் பொருளுக்கு வேண்டுவது இதுவே: ஒரு நூல் மூவராகக் காட்டும் உடன்பிறந்தாரை மற்றொரு நூல் இருவராகக் காட்டுகின்றது எனின், அக்குடும்பத்தின் அளவும் வரிசையும் காப்பியத்தின் தேவைக்கேற்ப அமைந்தன. அவற்றை உளவியல் தரவாகக் கொள்ளுதல் பொருந்தாது. முடிகெழு வேந்தர் மூவர்க்கும் பொதுவான காப்பியத்தை எழுதுவோன் எந்த முடிக்கும் உரியனல்லன் ஆதல் வேண்டும். அதற்கு ஓர் இளையோனும் அவன் துறவும் தேவைப்பட்டன.

இதுகாறும் கூறியவை காப்பிய மாந்தர் பற்றியன. வரலாற்று மாந்தரைக் கொண்டு சோதித்தல் முறையாகும். அதற்கு வள்ளலாரினும் சிறந்த எடுத்துக்காட்டு இல்லை. ஏனெனின் அவர்க்கு இணையாக நிறுத்திப் பார்த்தற்குரிய ஒருவரை வரலாறே நமக்குத் தந்துள்ளது.

இராமலிங்க அடிகள் 1823 அக்டோபர் 5ஆம் நாள் மருதூரில் இராமையா பிள்ளைக்கும் சின்னம்மைக்கும் ஐந்தாம் மகவாய், கடைப்பிள்ளையாய்ப் பிறந்தார். கைக்குழந்தைப் பருவத்திலேயே தந்தையை இழந்தார். குடும்பம் சென்னைக்கு வந்தது. மூத்த தமையனார் சபாபதி புராணச் சொற்பொழிவால் பொருளீட்டிக் குடும்பத்தைத் தாங்கினார். ஏழுகிணற்றுப் பகுதியிலுள்ள வீராசாமி பிள்ளைத் தெரு வீட்டில் இளையவர் வளர்ந்தார். ஆறுமுக நாவலர் 1822 டிசம்பர் 18ஆம் நாள் யாழ்ப்பாணத்து நல்லூரில் கந்தப்பிள்ளையின் ஆண்மக்களுள் இளையவராய்ப் பிறந்தார். ஒன்பதாம் ஆண்டில் தந்தையை இழந்தார். அவர்க்கும் தமையன்மாரே காப்பாயினர்.

பிறந்த காலத்தின் இடைவெளி ஓராண்டும் இல்லை. இருவரும் சைவக் குடியினர், கடைப்பிள்ளைகள், இளமையிலேயே தந்தையை இழந்தவர்கள், தமையன் நிழலில் வளர்ந்தவர்கள். உளவியலார் ஓர் ஆய்வுக்கூடத்தில் அமைக்க விரும்பினும் இத்துணை ஒத்த இருவரை அமைத்தல் அரிது. இவ்விருவருள் ஒருவர் சாதியும் சமயச் சடங்கும் கடந்த சன்மார்க்கத்தை நோக்கி நடந்து, 1865இல் சங்கமும் 1867இல் வடலூரில் தருமசாலையும் நிறுவினார். மற்றவர் பீட்டர் பெர்சிவல் நடத்திய மிசன் பள்ளியில் பயின்று, அங்கேயே ஆசிரியராகி, விவிலிய மொழிபெயர்ப்பிலும் உதவிய பின்னர், 1848இல் அப்பணியைத் துறந்து, ஆகமச் சைவத்தைக் காப்பதற்கே வாழ்நாளைக் கொடுத்தார். இருவர் நெறிகளும் மோதியதே அருட்பா – மருட்பாப் பூசல். 1869இல் அது வழக்குமன்றம் வரை சென்றது. கடைப்பிள்ளை மரபை உடைப்பான் எனின் நாவலரை என் செய்வது? மரபைக் காப்பான் எனின் வள்ளலாரை என் செய்வது?

சல்லோவே வழியினர் இதற்கும் விடை வைத்திருப்பர். நாவலரும் ஒருவகையில் கலகக்காரரே, தமக்குக் கல்வி தந்த மிசன் நிறுவனத்தை எதிர்த்தாரன்றோ என்பர். நன்று. இம்முறையில் நோக்கின் எவரும் எதையேனும் எதிர்த்தவரே ஆவர். வந்தாலும் பொருந்தும், வாராவிட்டாலும் பொருந்தும் என்னும் சோதிடத்திற்கும் அதற்கும் வேற்றுமை இல்லை. ஒரு கொள்கை பொய்யாகும் இடம் எது என்று கூற இயலாவிடின், அது மெய்யாகும் இடமும் இல்லை.

அவ்வாறாயின் இருவர் வேறுபாட்டிற்குக் காரணம் யாது? வீட்டின் வரிசையில் தேடுவதை விட்டு, வீடு அவர்களுக்குத் திறந்த வாயிலில் தேடுதல் வேண்டும். நாவலர் இருபாலைச் சேனாதிராச முதலியாரிடமும் நல்லூர்ச் சரவணமுத்துப் புலவரிடமும் முறையாகத் தமிழ் கற்று, பின் ஆங்கிலப் பள்ளியினுள் புகுந்தவர். அச்சகம், பள்ளி, கண்டன நூல், சொற்பொழிவு ஆகிய கருவிகளின் ஆற்றலை எதிரியின் பாசறைக்குள்ளிருந்தே கற்றவர். அக்கருவிகளால் மரபைக் காக்கலாம் என்னும் நம்பிக்கை அங்குப் பிறந்தது. வள்ளலார்க்கு அத்தகைய பள்ளி இல்லை. தமையன் இல்லத்துப் புராணக் கல்வி ஒருபுறம், கந்தகோட்டமும் திருவொற்றியூரும் மறுபுறம். 1858 அளவில் சென்னையை நீங்குமுன் அவர் கண்ட உலகம் இதுவே. பின்னர்ப் பஞ்சமும் பசியும் கண்ட தென்னார்க்காட்டு ஊர்கள் அவர் நெஞ்சை வேறு வழியில் திருப்பின. இவற்றை ஆராய்தல் கடினம். ஏடும் கடிதமும் பதிப்பும் தேடவேண்டும். 'கடைப்பிள்ளை' என்று எழுதிவிடுதல் எளிது.

பாரதியாரைப் பற்றி நீள உரைத்தல் வேண்டா. 1882 டிசம்பர் 11இல் எட்டயபுரத்தில் தலைமகனாய்ப் பிறந்தார். ஐந்தாண்டு நிறையும் பருவத்தில் தாயை இழந்தார். தந்தை மறுமணம் செய்துகொண்டார். மரபைக் காக்கவேண்டிய தலைமகன் மரபை உடைத்தார். சிற்றன்னை வயிற்றுப் பிறந்த இளவல் சி. விசுவநாதனோ தமையனின் எழுத்துகளைத் தொகுத்து அச்சேற்றிக் காப்பதில் பெரும்பங்கு கொண்டார். 1949இல் சென்னை அரசு பாரதியார் நூல்களின் உரிமையைப் பெற்றது அவரிடமிருந்தே. கொள்கையின்படி நோக்கின் எல்லாம் தலைகீழாய் உள்ளன. ஆயின் தம்பி என்னும் முறையின்படி நோக்கின் விசுவநாதன் செய்ததில் வியப்பேதும் இல்லை.

இவ்வாராய்ச்சி நூலறிவளவில் நிற்பதாயின் யாம் இத்துணை வற்புறுத்தவேண்டுவதில்லை. நம் மாணாக்கர் வாழ்க்கையோடு இஃது ஒட்டியது. எம்.கே.பி. நகர்ப் பகுதியினின்றும் வரும் மாணாக்கருள் பலர் தம் குடும்பத்தில் முதன்முதல் கல்லூரிப் படியேறியவர்கள். அவருள் தலைப்பிள்ளைகள் குறைவாகவும் பின்பிறந்தோர் மிகுதியாகவும் இருத்தலை யாம் கவனித்ததுண்டு. தமையன் பத்தாம் வகுப்போடு நின்று துறைமுகத்துச் சரக்குப் பெட்டக நிலையங்களுக்கோ மணலி, எண்ணூர்த் தொழிற்சாலைகளுக்கோ ஒப்பந்தக் கூலியாய்ப் போயிருப்பான். தமக்கை சிறியவர்களைத் தூக்கி வளர்த்து, பின் தையற்கூடத்திற்குப் போயிருப்பாள். அவர்கள் ஊதியத்தில் இளையவன் படிக்கின்றான். நார்வே நாட்டில் மூத்தவனுக்கு ஏற்றம் தந்த அதே மூத்த நிலை, இங்கு அவனைப் படிப்பினின்றும் இறக்கிவிடுகின்றது. இந்திய நாட்டளவிலோ நிலை மீண்டும் மாறுகின்றது. குழந்தைகளின் உயரத்தை ஆப்பிரிக்கக் குழந்தைகளின் உயரத்தோடு ஒப்பிட்டுச் சீமா செயச்சந்திரனும் ரோகிணி பாண்டேயும் 2017இல் வெளியிட்ட ஆய்வு, இந்தியத் தலைமகவு குறைவுறவில்லை, இரண்டாம் மூன்றாம் மகவுகளே விரைந்து குறைவுறுகின்றன எனக் கண்டு, அதனை மூத்த மகன்பால் பெற்றோர் காட்டும் விருப்பத்தோடு தொடர்புபடுத்துகின்றது. ஒரே வரிசை ஓரிடத்தில் ஊட்டுகின்றது, வேறோரிடத்தில் உழைப்பிற்கு அனுப்புகின்றது. வரிசைக்கென ஒரு நிலைத்த பண்பு இருந்தால் இவ்வேறுபாடு நேராது.

'மூத்தது மோழை, இளையது காளை' என்றொரு பழமொழி நம் நாட்டில் வழங்குகின்றது. கொம்பில்லாத மாட்டை மோழை என்பர். பழமொழிகளைப் போற்றித் தொகுக்கும் நாம், இதனைச் சற்று நின்று நோக்கவேண்டும். அண்ணனுக்குப் படிப்பு ஏறவில்லை என்று வீட்டார் கூறும்போது, ஏறவிடாத வறுமையை அச்சொல் மறைத்துவிடுகின்றது. அவன் விட்டுக்கொடுத்தது அவனுடைய இயல்பாக மாற்றி எழுதப்படுகின்றது. தம்பி கற்ற உளவியல் நூலும் அதனையே கலைச்சொற்களால் உறுதிசெய்யுமாயின், கொடுமை இரட்டிக்கும்.

இதற்கு மாறான நெறியைப் பெரிய புராணம் காட்டுகின்றது. திலகவதியாரும் மருள்நீக்கியாரும் பெற்றோரை இழக்கின்றனர். தமக்கையார்க்கு மணம் பேசப்பட்ட கலிப்பகையாரும் போரில் மாள்கின்றார். உயிர்விடத் துணிந்த அவர், தம்பி அழுது வேண்ட, அவன் வாழ்தற்பொருட்டுத் தாமும் உயிர் தாங்குகின்றார். சேக்கிழார் திலகவதியாரின் தியாகத்தை 'மூத்த பெண்ணின் பொறுப்புணர்ச்சி' எனப் பொதுவகையில் அடக்கவில்லை. இறக்க விரும்பிய ஒருத்தி இருக்கத் துணிந்த அந்த ஒரு முடிவாகவே காட்டுகின்றார். அம்முடிவு இல்லையாயின் நாவுக்கரசர் இல்லை.

2019–21ஆம் ஆண்டுத் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.8 குழந்தைகள். இடைப்பிள்ளை என்னும் நிலையே அருகி வருகின்றது. இனி எழுதப்படும் புலவர் வரலாறுகளில் அண்ணன், தம்பி இரண்டே பேர் இருப்பர், அல்லது ஒருவரே இருப்பர். பழைய பெருங்குடும்பங்களைப் பற்றிய செய்திகளை அறிந்தோர் உள்ளபோதே தொகுத்துவைத்தல் தமிழ்த்துறைகள் மேற்கொள்ளத்தக்க பணி. அப்பணியில் புலவர்களின் உடன்பிறந்தார்க்குத் தனியிடம் தரல் வேண்டும்.

வள்ளலார் வரலாற்று நூல்களில் சபாபதி பிள்ளை எவ்வாறு தோன்றுகின்றார் என்பதை நோக்குக. தம்பி படிக்கவில்லை என்று சினந்து, சோறிடலாகாது எனத் தம் மனைவிக்குக் கட்டளையிட்டவராகத் தோன்றுகின்றார். அண்ணியார் மறைவில் சோறிட்ட அன்பும், அண்ணன் நோயுற்ற நாளில் சோமு செட்டியார் இல்லத்திற்குச் சென்று இளையவர் சொற்பொழிவாற்றிக் கேட்டாரை வியக்கவைத்த நிகழ்ச்சியும் விரித்துரைக்கப்படுகின்றன. அந்தச் சொற்பொழிவுக்கான அவையைத் தேடி வைத்திருந்தவர் யார்? தந்தையற்ற குடும்பத்தை, தாயையும் உடன்பிறந்தாரையும், புராணம் சொல்லியே சென்னையில் காத்தவர் யார்? தமையனார் என்ற அளவில் அவர் பெயர் நின்றுவிடுகின்றது. ஏழுகிணற்று வீட்டில் அவர் எந்நூல்களைக் கொண்டு பாடம் சொன்னார், எவ்வெவர் இல்லங்களில் எவ்வெப் புராணம் உரைத்தார் என்பன ஒரு முனைவர் பட்ட ஆய்விற்குப் போதிய பொருளாகும். யாம் அறிந்த அளவில் அதனை எடுத்துக்கொள்ள முன்வந்திருப்பவர் ஒரு மாணவியே. அவர் நான்கு மக்களுள் மூத்தவர். தங்கை, தம்பியர் மூவர் படிப்பும் முடிந்தபின் முப்பத்தோராம் ஆண்டில் முதுகலைக்கு வந்தவர்.